ஏழில் ரெண்டு

ஏப்ரல் பாதி தாண்டினால் எங்கள் வகுப்பில் ஒரு வியாதி பரவும். கால்குலேட்டர் வியாதி. காஸ்டிங் பேப்பருக்குக் கூட ஒழுங்காக எடுக்காத கால்குலேட்டரை, சிஎஸ்கே நாலு மேட்ச் தோற்றதும் பையிலிருந்து எடுத்து விடுவார்கள். "மிச்சம் 7 மேட்ச் இருக்கு மச்சி. 6 ஜெயிச்சா 16 பாயிண்ட். அந்தப் பக்கம் லக்னோ ரெண்டு தோக்கணும், டெல்லி ஒண்ணு தோக்கணும், மழை மட்டும் வரக் கூடாது..." என்று திருவள்ளூரில் ஆரம்பித்தால், அரக்கோணம் லோக்கல் திருவாலங்காடு வந்து நான் இறங்கும் வரை ஓடும். (இதில் பாதி அக்கறையை பாலன்ஸ் ஷீட் மேல் காட்டியிருந்தால் நிறைய பேருக்கு அரியரே இருந்திருக்காது.)

நானும் மஞ்சள் கட்சிதான். அதனால் இதைத் திட்டுவதாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். தோற்கிற டீம் மேல் நம்பிக்கை வைப்பது தப்பே இல்லை. ஆனால் சீசன் பாதியில் நாம் நம்புகிற விஷயம் இருக்கிறதே, அது தப்பான விஷயம் என்பதுதான் என் கட்சி.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் 2010.

அந்த வருஷம் எனக்கு ஐந்து வயசு. எதுவும் ஞாபகம் இல்லை. பார்த்ததெல்லாம் பிற்பாடு யூடியூபில்தான். ஆனாலும் நேரில் இருந்த மாதிரி சொல்லுவேன். அண்ணன்மார்களிடமிருந்து பூர்வீகச் சொத்து மாதிரி எங்களுக்கு வந்து சேர்ந்த கதை அது. முதல் 7 ஆட்டத்தில் 2 வெற்றி, 5 தோல்வி. அதில் பஞ்சாபோடு சேப்பாக்கத்தில் டை ஆகி சூப்பர் ஓவரில் தோற்றது வேறு. தோனிக்குக் கையில் அடிபட்டு 3 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார், ரெய்னா கேப்டன். எல்லோரும் கதை முடிந்தது என்று எழுதி வைத்த பிறகு திரும்பி வந்தார்கள். ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127. கடைசி லீக் ஆட்டம் தர்மசாலாவில், 193 ரன் துரத்தல், கடைசி ஓவரில் 16 வேண்டும், பந்து போடுவது இர்ஃபான் பதான். தோனி ரெண்டு சிக்ஸர் அடித்து முடித்து விட்டு ஹெல்மெட்டைத் தானே குத்திக் கொண்டார். அந்தத் தோனியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. 7 வெற்றி, 7 தோல்வி, 14 பாயிண்ட். அதே 14 பாயிண்டில் மொத்தம் நாலு டீம். நெட் ரன் ரேட்டில் உள்ளே போய், ஏப்ரல் 25 அன்று மும்பையை ஃபைனலில் 22 ரன்னில் அடித்துக் கப் வாங்கினார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! பிரச்சினையும் அதுதான். அன்றிலிருந்து நம் டீம் எப்போது சொதப்பினாலும், "2010-ல கூட இப்படித்தான்டா" என்று ஒருத்தன் எழுந்து விடுகிறான்.

2025-இல் அந்த வாய்க்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. ஏப்ரல் 14 அன்று லக்னோவில் தோனி 11 பந்தில் 26 அடித்து ஜெயித்தபோது கணக்கு என்ன தெரியுமா? 7 ஆட்டம், 2 வெற்றி, 5 தோல்வி. அச்சு அசல் 2010! அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப்பில் தர்மசாலா வீடியோ எனக்கு மட்டும் நாலு பேரிடமிருந்து வந்தது.

எண் ஒன்றாக இருந்தால் நிலைமையும் ஒன்றாகி விடுமா? கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். 2010-இல் பாக்கி இருந்த 7 ஆட்டத்தில் 5 சேப்பாக்கத்தில். சேப்பாக்கம் அப்போது உண்மையிலேயே கோட்டை. அந்த ஐந்தில் நாலு ஜெயித்தார்கள். டக் போலிஞ்சர் பாதி சீசனில்தான் வந்து சேர்ந்தார். அரையிறுதியில் டெக்கானுக்கு எதிராக 13 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தது அவர்தான். அடிபட்ட கேப்டனும் திரும்பியிருந்தார். அதாவது பாதியில் நிலைமையே மாறியிருந்தது. அதிர்ஷ்டமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் வந்து உட்கார ஒரு திண்ணை இருந்தது.

2025-இல் அந்தத் திண்ணை எங்கே? சேப்பாக்கத்திலேயே அடி. பெங்களூரு 2008-க்குப் பிறகு முதல் முறையாக அங்கே வந்து நம்மை ஜெயித்து விட்டுப் போனது. அடுத்து டெல்லி. அடுத்து ஏப்ரல் 11, கொல்கத்தா. ருதுராஜுக்கு முழங்கையில் அடி, தோனி மறுபடி கேப்டன், ஊரே திருவிழா மூடில். 20 ஓவரில் 103 ரன். அவர்கள் 59 பந்து பாக்கி வைத்து முடித்து விட்டார்கள். ஃபைன் லெக்கில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதற்குள் மேட்ச் முடிந்து போச்சு. பிட்ச்சைப் புரிந்து கொள்ள முடியவில்லை என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங்கே சொல்லிக் கொண்டிருந்தார். அந்த சீசனில் சேப்பாக்கத்தில் ஆடியது 6, ஜெயித்தது 1.

இதைவிட எனக்கு வலித்தது டெல்லி ஆட்டம். 184 வேண்டும். 20 ஓவரும் ஆடி 5 விக்கெட் கையில் வைத்துக் கொண்டு 25 ரன்னில் தோற்றோம். விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, ரெண்டு பேரும் நாட் அவுட். பாங்கில் பணம் இருக்கும்போதே பட்டினி கிடந்து செத்த கதை. அவுட் ஆகி ஆல் அவுட்டாகித் தோற்றிருந்தால் கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஏப்ரல் 20 மும்பையிடம் 9 விக்கெட்டில் தோல்வி. 25 அன்று ஹைதராபாத் வரலாற்றில் முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்தது. எங்கள் பக்கம் திருத்தணி தாண்டினால் ஆந்திரா. நகரியிலிருந்து வருகிற பசங்களில் ஆரஞ்சு ரசிகர்கள் ஜாஸ்தி. அடுத்த நாள் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. ஏப்ரல் 30 பஞ்சாபிடம் தோற்று ஆட்டத்திலிருந்தே வெளியேறினோம். சஹல் ஒரே ஓவரில் 4 விக்கெட், அதில் ஹாட்ரிக் வேறு. கால்குலேட்டர்கள் பைக்குள் போயின. முடிவில் 14-இல் 4 வெற்றி, பத்தாவது இடம். சிஎஸ்கே வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம்.

"அப்போ பாதியிலேயே நம்பிக்கையை விட்டுட்டு வேற வேலை பாக்கச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை. இதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்ததே.

2020-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். துபாய், அபுதாபி, ஷார்ஜா. காலி மைதானம். ரெய்னா இல்லை, ஹர்பஜன் இல்லை. கேதர் ஜாதவை 8 ஆட்டம் ஆட வைத்து 62 ரன் எடுத்தோம். ஜெகதீசன் என்ற கோயம்புத்தூர்ப் பையன் கிடைத்த ஒரு வாய்ப்பில் பெங்களூருக்கு எதிராக 33 அடித்தான், அடுத்த ஆட்டத்தில் மறுபடி பெஞ்ச். அக்டோபர் 19 ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளைஞர்களிடம் அந்தப் பொறி தெரியவில்லை என்ற மாதிரி தோனி சொல்லப் போக, தமிழ்நாடே ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ருதுராஜ் அதுவரை ஆடிய ரெண்டு ஆட்டத்தில் 0, 5. அக்டோபர் 23 மும்பைக்கு எதிராக மறுபடி 0. அன்றைக்கு 3 ரன்னுக்கு 4 விக்கெட்!

இனி இழக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகுதான் அந்தப் பையனைத் தொடர்ந்து ஆட விட்டார்கள். 65 நாட் அவுட், 72, 62 நாட் அவுட். மூன்றும் வெற்றி. மூன்றும் நம் இடத்தை ஏழாவதுக்கு மேல் தூக்க உதவவில்லை. கால்குலேட்டர் கணக்குப்படி அந்த மூன்று ஆட்டத்துக்கும் மதிப்பு சைபர். ஆனால் 2021-இல் என்ன ஆச்சு? ருதுராஜ் 635 ரன், ஆரஞ்சு தொப்பி, கப். அந்தக் கப்பின் முதல் தவணை 2020 அக்டோபரில் கட்டப்பட்டு விட்டது என்பேன் நான்.

இது ஒரு தடவை நடந்த அதிசயம் என்று நினைத்தால் 2022-ஐப் பாருங்கள். ஜடேஜா கேப்டன், பாதியில் விலகல், தோனி திரும்ப வருகை, ஒன்பதாவது இடம். மே 12 அன்று மும்பையிடம் 97-க்கு ஆல் அவுட் ஆகி வெளியே போனோம். மூன்று நாள் கழித்து, எதற்குமே பிரயோஜனம் இல்லாத ஒரு மதிய ஆட்டத்தில், 19 வயசு பதிரானா முதல் முறை பந்து போட வந்தார். முதல் பந்திலேயே சுப்மன் கில்லின் விக்கெட். 2023-இல் அதே பையன் 12 ஆட்டத்தில் 19 விக்கெட், அதிலும் பெரும்பாலும் கடைசி ஓவர்களில். அந்தக் கப் ஃபைனலில் ஜடேஜாவின் 6-உம் 4-உம்தான் நம் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. அது சரிதான், நானும் அன்று ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருவில் கத்தியவன்தான். ஆனால் ஃபைனல் வரை வண்டியை இழுத்து வந்தவர்களில் ஒருவர் அந்த வீணாய்ப் போன மே மாதத்தில் கிடைத்தவர்.

எல்லாமே இப்படிப் பலிக்கும் என்று அளக்கவில்லை. 2022-இல் 16 விக்கெட் எடுத்த முகேஷ் சவுத்ரி காயத்தால் 2023 முழுக்க ஆடவே இல்லை. ஜெகதீசனுக்குக் கிடைத்தது சொற்பம். போட்ட விதை எல்லாம் முளைப்பதில்லை. ஆனால் விதை நெல்லையும் சேர்த்துப் பொங்கித் தின்றவன் அடுத்த வருஷம் என்ன செய்வான்?

இப்போது திரும்ப 2025-க்கு வருவோம். சீசனின் ரெண்டாம் பாதியில் நாம் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தது யாரால்? ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் ப்ரெவிஸ், உர்வில் படேல். 17 வயசு மாத்ரே பெங்களூரில் 48 பந்தில் 94. (ரெண்டு ரன்னில் தோற்றோம். இருந்தாலும் தூக்கம் வந்தது!) ப்ரெவிஸ் கொல்கத்தாவில் 25 பந்தில் 52. அதே ஆட்டத்தில் உர்வில் 11 பந்தில் 31.

இந்த மூன்று பேரையும் நிர்வாகம் தேடிப் பிடித்த புத்திசாலித்தனம் என்று பாராட்டலாம்தான். ஆனால் மூன்று பேரும் வந்த வழியைப் பாருங்கள். ருதுராஜுக்கு அடிபட்டதால் மாத்ரே. குர்ஜப்னீத்துக்கு அடிபட்டதால் ப்ரெவிஸ். வன்ஷ் பேடிக்கு அடிபட்டதால் உர்வில். ஒருத்தருக்கும் அடிபடாமல் இருந்திருந்தால்? திரிபாதி, ஹூடா என்றே கடைசி வரை ஓட்டியிருப்பார்கள் என்பதுதான் என் சந்தேகம். திரிபாதி 5 ஆட்டத்தில் எடுத்தது 55 ரன். பதிரானா கூட 2022-இல் ஆடம் மில்னுக்கு அடிபட்டதால் வந்தவர்தான். நம் டீமுக்குப் புது ரத்தம் பாய யாராவது ரத்தம் சிந்த வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏன் இப்படி? எங்கள் காஸ்டிங் பாடத்தில் சங்க் காஸ்ட் என்று ஒன்று வரும். போன பணம் போனதுதான், அதை வைத்து இனிமேல் எடுக்கிற முடிவைத் தீர்மானிக்காதே என்பார்கள். ரெண்டு மார்க் கேள்வி, எல்லோரும் சரியாக எழுதுவோம். ஆனால் ஏலத்தில் இவ்வளவு கோடி கொடுத்து விட்டோமே, இத்தனை வருஷ அனுபவம் ஆச்சே என்று வரும்போது நிர்வாகமும் மறந்து விடுகிறது, நாமும் மறந்து விடுகிறோம். "இன்னும் சான்ஸ் இருக்கு, இப்போ போய் சின்னப் பசங்களை வெச்சு ரிஸ்க் எடுக்கலாமா?" என்கிற கேள்வி இருக்கிறதே, அதற்குத் தீனி போடுவது நம் கால்குலேட்டர்தான். கணக்குப்படி வாய்ப்பு இருக்கும் வரை பழைய ஆட்கள். வாய்ப்பு செத்த பிறகு புது ஆட்கள். அதற்குள் 10 ஆட்டம் போயிருக்கும். மிச்சம் நாலே நாலு. அந்த நாலை ஏழாக ஆக்கினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

எதிர்க்கட்சியிடமும் பலமான ஆயுதம் இருக்கிறது, மறைக்கவில்லை. 2024-இல் பெங்களூரு முதல் 8 ஆட்டத்தில் 7 தோற்றது. பிறகு தொடர்ந்து 6 ஜெயித்து ப்ளே ஆஃப் போனது. போகிற போக்கில் மே 18 அன்று நம்மையே வெளியே தள்ளி விட்டுப் போனது. 201 எடுத்தால் தோற்றாலும் உள்ளே என்ற நிலையில் நாம் 191-இல் நின்றோம். ரெண்டு டீமுக்கும் 14 பாயிண்ட், நெட் ரன் ரேட் 0.459-க்கு 0.392. அதனால் அற்புதமே நடக்காது என்று நான் சொன்னால் பொய். நடக்கும். ஆனால் சின்னப் பசங்களை ஆட விடுவதற்கும் அற்புதத்துக்கும் என்ன பகை? 2025-இன் ரெண்டாம் பாதியில் நம் டீமில் கொஞ்சமாவது வேகமாக ரன் எடுத்தது யார் என்று மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

இதில் ரசிகர்களாகிய நம் பங்கும் உண்டு. நாம் சேப்பாக்கத்துக்குப் போவது மேட்ச் பார்க்கவா, தரிசனத்துக்கா? ஜடேஜா நம் டீமில் இருந்தவரை அவர் அவுட் ஆனால் கைதட்டல் கூரையைப் பிய்த்தது, அடுத்து தல வருவார் என்று. 2025-இல் பெங்களூருக்கு எதிராக அவர் ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். ஆட்டம் அதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் வந்தவர்கள் திருப்தியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அவர் என்றால் உயிர். அதற்காக, கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுகிற மாதிரி, சாமி தெரிந்தால் போதும் என்று மேட்ச் பார்க்க முடியுமா?

தோற்றவர்களைக் கொண்டாடக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. திருவாலங்காட்டில் சிவனோடு ஆடித் தோற்றவள் காளி. அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடினார், இவளால் முடியவில்லை, ஆட்டம் முடிந்தது. ஆனால் அவளுக்கும் இங்கே தனிக் கோயில் உண்டு. காளியைக் கும்பிட்டு விட்டுத்தான் வடாரண்யேஸ்வரரைப் பார்க்கப் போக வேண்டும் என்பது வழக்கம். தோற்ற ஆட்டத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. அதில் ஆடியது யார் என்பதுதான் விஷயம்.

ரெண்டு பேரை நினைத்தால் மட்டும் மனசு ஆறவில்லை. ஒருவர் ஷேக் ரஷீத், குண்டூர்க்காரர். 2023-இலிருந்து மஞ்சள் சட்டையில் இருந்தவருக்கு முதல் ஆட்டம் 2025 ஏப்ரல் 14-இல்தான் கிடைத்தது. 27 ரன் அடித்தார், பிறகு சில ஆட்டம் சோபிக்கவில்லை, அந்த நவம்பரில் விடுவித்து விட்டார்கள். நகரி நண்பன் கேட்டான், "ரெண்டு வருஷம் தண்ணி பாட்டில் தூக்க வெச்சுட்டு, ரெண்டு வாரத்துல தீர்ப்பு எழுதிட்டீங்களே அண்ணா?" என்று. பதில் இல்லை. இன்னொருவர் ஆந்த்ரே சித்தார்த், நம் தமிழ்நாட்டுப் பையன். ரஞ்சியில் ரன் குவித்து விட்டு வந்தவர். பத்தாவது இடத்தில் முடிந்த ஒரு சீசனில், ஏப்ரல் 30-க்குப் பிறகு எதற்குமே பயமில்லாத 4 ஆட்டம் இருந்தும், அவருக்கு ஒரு ஆட்டம் கூட இல்லை. அவரும் விடுவிக்கப்பட்டார். நன்றாக ஆடுவாரா மாட்டாரா என்று பார்க்காமலே எப்படித் தெரிந்தது?

2025 டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இந்தியாவுக்கு ஆடியிராத ரெண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனைக் கொண்டு வந்தார்கள். காற்று திசை மாறியது போலத்தான் தெரிந்தது, சந்தோஷம். ஆனால் காசு கொடுத்து வாங்குவது சுலபம். நாலு மேட்ச் தொடர்ந்து தோற்று, டிவியில் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் அனுபவம் அனுபவம் என்று கத்தும்போது, அந்தப் பையனை அஞ்சாவது மேட்ச்சிலும் ஆட வைப்பதுதான் கஷ்டம்.

எனவே மச்சிகளே, எந்த சீசனாக இருந்தாலும் சரி, ஏழில் ரெண்டு என்று வந்து நின்றால் என்னிடம் லக்னோ எத்தனை தோற்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு வயசு என்ன, அவரை எட்டாவது ஆட்டத்தில் இறக்குகிறார்களா இல்லையா என்று கேளுங்கள். அதைப் பேசிக் கொண்டே அரக்கோணம் வரைக்கும் கூட வருகிறேன்.

2025 மே 25 மதியம் அகமதாபாத்தில் நடந்த கடைசி ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? எங்கள் குரூப்பில் என்னோடு சேர்த்து மூன்றே பேர். டேபிளில் முதலிடத்தில் இருந்த குஜராத், கடைசி இடத்தில் இருந்த நாம். மாத்ரே 17 பந்தில் 34, உர்வில் 19 பந்தில் 37, ப்ரெவிஸ் 23 பந்தில் 57. மொத்தம் 230. அவர்கள் 83 ரன்னில் தோற்று, அதனாலேயே முதல் ரெண்டு இடத்துக்குள் வராமல் போனார்கள். நமக்கு அந்த வெற்றியால் ஒரு இடம் கூட ஏறவில்லை. அந்த சீசனில் நான் ரெண்டாவது தடவை முழுசாகப் போட்டுப் பார்த்த ஒரே மேட்ச் அதுதான்.